எட்டு மாத நெஞ்செலும்பு சூப்

எங்கள் பக்கத்தில் ஒருவன் வெளிநாட்டிலிருந்து ‘அன்ஃபிட்’ ஆகித் திரும்பி வந்தால், வீட்டில் முதலில் நடக்கிற காரியம் அடுப்பில் நெஞ்செலும்பு சூப் ஏறுவதுதான். அன்ஃபிட் என்றால் மாரில் புள்ளி. உப்பூரிலிருந்து திருப்பாலைக்குடி வரை எந்த வீட்டில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். எப்போதோ நாலைந்து பேருக்கு எக்ஸ்ரேயில் பழைய சளித் தழும்பு தெரிந்து திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் வேறு அர்த்தமே இல்லாமல் போயிற்று.

என் தம்பி அரபு நாட்டிலிருந்து வந்து இறங்கியபோதும் அதுதான் நடந்தது. மூன்று வருடமாக லீவுக்குக்கூட வராதவன், ஒருநாள் போன்கூடப் பண்ணாமல் ஒரு தோள்பையோடு வாசலில் வந்து நின்றான். பையில் இரண்டு கைலி, ஒரு சட்டை, பாஸ்போர்ட், ஒரு தாள். தாள் முழுக்க அரபி எழுத்து. நடுவில் இங்கிலீஷில் ஒரே ஒரு சொல், அன்ஃபிட்.

“என்னலே காரணம்னு கேட்டியா?” என்றேன்.

“கேட்டேன்க்கா. கலாஸ்னு சொல்லிட்டான்.”

முடிந்தது, போ என்று அதற்கு அர்த்தம். மூன்று வருடத்தில் அவன் கற்றுவந்த அரபியில் அந்த ஒரு சொல் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

அவனை அனுப்பிவைத்த ஏஜென்டுக்கு போன் போட்டோம். மாரில் புள்ளியாகத்தான் இருக்கும், ஆறேழு மாதம் நல்லாச் சாப்பிட்டுத் தேறட்டும், வேறு நாட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார். அம்மா அன்றே கறிக்கடைக்கு ஆள் அனுப்பினாள்.

இதில் என் பங்கைச் சொல்லியாக வேண்டும். நான் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஓர் அரசு மருத்துவமனையில் லேப் டெக்னீசியன். என் அறை வாசலில் ‘நம்பிக்கை மையம்’ என்று போர்டு தொங்கும். பதினான்கு வருடமாக நான் அங்கே பார்க்கிற ஒரே வேலை ஹெச்.ஐ.வி. பரிசோதனை. லாரி ஓட்டுகிறவர்கள் வருவார்கள், கேரளாத் துறைமுகங்களில் மாதக்கணக்கில் கடலுக்குப் போய் வந்தவர்கள் வருவார்கள், கர்ப்பிணிகள் எல்லோரும் கட்டாயம் வருவார்கள். அத்தனை பேரிடமும் வெட்கப்படாமல் ரத்தம் கொடுங்கள் என்று சொல்லி எனக்கு வாயே தேய்ந்துவிட்டது.

அப்படிப்பட்ட நான் என் தம்பியை மறுநாளே மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என் அறை வாசலைத் தாண்டி, அடுத்த கட்டடத்தில் இருக்கிற எக்ஸ்ரே அறைக்கு. சட்டையைக் கழற்றச் சொல்லிப் படம் எடுத்தோம். மார் பளிங்காக இருந்தது. ஒரு புள்ளி இல்லை. டாக்டர் சிரித்துக்கொண்டே, அங்கே யார் படத்தையோ மாற்றிப் பார்த்திருப்பார்கள் என்றார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். திரும்புகிற வழியில் அரைக் கிலோ அல்வா வாங்கினேன். மாரில் ஒன்றுமில்லை என்றால் பிறகு எதற்காக அன்ஃபிட் என்ற கேள்வி என் மரமண்டைக்கு வரவில்லை. என் மேசைக்கு வருகிறவர்கள் எல்லாம் வேறு வீட்டு ஆட்கள். அப்படித்தான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

படம் நன்றாக இருந்தும் அம்மா சூப்பை நிறுத்தவில்லை. தம்பி உள்ளூரில் டைல்ஸ் ஒட்டுகிற வேலைக்குப் போனான். வந்து எட்டாவது மாதம், அவன் மனைவி நாலு மாதக் கர்ப்பிணியாக, கர்ப்பிணி அட்டையைக் கையில் பிடித்தபடி என் அறைக்குள் வந்தாள். மூத்த பெண்ணுக்கு அப்போது நாலு வயது.

“மதினி கையால குத்துனா வலிக்காதுன்னு முந்திக்கிட்டு வந்தேன்” என்று சிரித்தாள். ரத்தம் எடுத்தேன். அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, எங்கள் மையத்து ஆலோசகர் அம்மாவோடு ஏதோ பேசிக்கொண்டே பரிசோதனைக் கிட்டில் சொட்டு விட்டேன். ஒரு கோடு வந்தால் இல்லை, இரண்டு வந்தால் இருக்கிறது.

இரண்டு கோடு வந்தது.

நான் முதலில் குழாயில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தேன். பிறகு கிட்டின் காலாவதித் தேதியைப் பார்த்தேன். புது உறை பிரித்து மறுபடி செய்தேன். மறுபடியும் இரண்டு கோடு. விதிப்படி அடுத்து வேறு இரண்டு வகைக் கிட்டில் பார்க்க வேண்டும். அதற்கு அந்த ரத்தமே போதும். ஆனால் நான் வெளியே போய், “ரத்தம் கட்டிருச்சு தாயி, இன்னொரு தடவை எடுக்கணும்” என்று பொய் சொல்லி மறுபடி ஊசி குத்தினேன். அவள் ஒன்றும் கேட்காமல் அடுத்த கையை நீட்டினாள். மூன்று கிட்டும் ஒன்றையேதான் சொல்லின. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மற்றவர்கள் இந்தச் செய்தி கேட்டு நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், தண்ணீர் கொடுத்திருக்கிறேன். அன்று எனக்குத் தண்ணீர் கொடுத்தது எங்கள் ஆலோசகர் அம்மா.

“நீங்க வெளிய போங்க. உங்க வேலை முடிஞ்சிருச்சு. இதைச் சொல்றது என் வேலை” என்றார்.

வெளியே போகாமல் பீரோவைத் திறந்து பழைய பதிவேட்டை எடுத்தேன். மூத்த பெண்ணை வயிற்றில் சுமந்தபோது அவளுக்குச் செய்த பரிசோதனை அதில் இருந்தது. நெகட்டிவ். என் கையெழுத்துதான். அந்தப் பெண் தவழ்கிற காலத்தில் தம்பி விமானம் ஏறினான். போகும்போது அவனுக்கும் மெடிக்கல் ஃபிட்.

விரல் விட்டு எண்ணக்கூட வேண்டாத கணக்கு. அவளுக்கு இது வந்தது அவன் திரும்பிவந்த இந்த எட்டு மாதத்தில். நான் எக்ஸ்ரேயைப் பார்த்து அல்வா வாங்கிய பிறகு.

அன்று மத்தியானமே தம்பி வந்தான். அவனுக்கும் பாசிட்டிவ். ஆலோசகர் அம்மா பொறுமையாக விசாரிக்க, தலையைக் குனிந்தபடி சொன்னான். வருடா வருடம் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க ரத்தம் எடுப்பார்களாம். மூன்றாவது வருடம் வேலை நேரத்தில் வந்து கூப்பிட்டுப் போய், ஒரு அறையில் வேறு ஆட்களோடு போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். சாப்பாடு கதவுக்கு அடியில் தள்ளப்பட்டிருக்கிறது. ஐந்தாம் நாள் கைரேகை வாங்கி விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

“ரத்தம் எடுத்தவனுக்குத் தெரிஞ்சிருக்கு. பூட்டு போட்டவனுக்கும் தெரிஞ்சிருக்கு. சோத்தத் தள்ளிவிட்டவனுக்கும் தெரிஞ்சிருக்கும் போல. எனக்கு மட்டும்தான்க்கா தெரியலை” என்றான்.

ஒரு மனிதனின் ரத்தத்தை அவனிடமிருந்து எடுத்து, அதில் இருப்பதை அவனிடமே மறைத்து, அவன் மனைவியிடம் அனுப்பிவைக்க மனிதர்களுக்கு எப்படி மனம் வந்தது? இங்கேயும்தான் என்ன. லாரி நிற்கிற இடத்தில் எல்லாம் ரத்தம் பார்த்துக்கொள்ளச் சொல்லி எங்கள் ஆட்கள் போர்டு வைத்திருக்கிறார்கள். விமானத்தில் வந்து இறங்குகிறவனை, ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்று கேட்க ஒருவரும் இல்லை. கேட்டிருக்க வேண்டிய ஒருத்தி கூடப்பிறந்தவளாகவே இருந்தும் கேட்கவில்லை.

ஆத்திரம் எங்கே போகும்? தம்பி மேல்தான் பாய்ந்தது. “அங்கன போயி எங்கலே சுத்துன?” என்று கேட்டுவிட்டேன். அந்த ஒரு கேள்வியை யாரிடமும் கேட்கக் கூடாது என்று பயிற்சிக்கு வருகிற பெண்களுக்கு வகுப்பு எடுத்தவள் நான். ஆலோசகர் அம்மா என் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டுக் கதவைச் சாத்தினார். இன்றுவரை நான் மறுபடி கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

வயிற்றுப் பிள்ளைக்கு வராமல் தடுக்கலாம். அதுதான் மிச்சம் இருந்தது, அதற்காகத்தான் மூன்று பேரும் ஓடினோம். அடுத்த நாளே ராமநாதபுரம் போய் இருவருக்கும் கிருமியை அடக்குகிற கூட்டு மருந்து வாங்கினோம். அவள் ஒருநாள் மாத்திரையைக்கூட விடவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரில் தினமும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று இருவரும் சொல்லிவிட்டார்கள். சொல்வதும் சொல்லாததும் அவர்கள் உரிமை. அதனால் அம்மா சூப் வைத்துக்கொண்டே இருந்தாள், தம்பியும் குடித்துக்கொண்டே இருந்தான். நான் அம்மாவிடம் தூக்குவாளியை வாங்கித் தம்பி வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பேன், அவன் முகத்தைப் பார்க்காமல் திரும்பி வருவேன்.

தம்பி மனைவி என்னிடம் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசியதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

ஆண் குழந்தை பிறந்தது. ஆறு வாரம் சொட்டு மருந்து. ஆறாவது வாரப் பரிசோதனையில் இல்லை, ஆறாவது மாதம் இல்லை, பன்னிரண்டாவது மாதமும் இல்லை. ஆனாலும் பதினெட்டாவது மாதம் பார்ப்பதுதான் கடைசி முடிவு. அதுவரை யாரும் வாய்விட்டுச் சந்தோஷப்படவில்லை.

அந்த நாளும் வந்தது. பையன் என் மேசையில் இருந்த பேனாவை எல்லாம் கீழே தள்ளிவிட்டு, ஊசி குத்தியதும் ஊரைக் கூட்டினான். தம்பி வாசல்படியில் நின்றான், உள்ளே வரவில்லை. கிட்டில் சொட்டு விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கோடு. நேரம் முடிந்த பிறகும் பார்த்தேன். ஒரே கோடுதான்.

முடிவுத் தாளில் நெகட்டிவ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபோது எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். தம்பி படியிலேயே உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

அவள் பையனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு தாளைக் கையில் வாங்கினாள். அதில் இருந்த என் எழுத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அதை நான்காக மடித்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

“மூத்தவ வயித்துல இருக்கையில என் பேப்பர்லயும் இப்படித்தான எழுதித் தந்தீக, மதினி.”