பரவாயில்லைங்க

வாஷிங் மெஷின் மெக்கானிக்குக்கு, பிழைக்க வந்த அந்த வெளிநாட்டு ஊரில் எல்லாம் பழகிவிட்டது. எந்தக் கிழமை எந்த நிறத் தொட்டியில் குப்பை போடுவது, பஸ்ஸில் யார் மேலும் இடிக்காமல் எப்படி உட்காருவது, மாடிப்படியில் எதிர்ப்படுகிறவரிடம் மழையைப் பற்றி மட்டும் பேசுவது, எல்லாம் அத்துப்படி. பழகாதது ஒன்றுதான். அந்த ஊர்க்காரர்கள் எதையும் ஒரு தடவைதான் கேட்பார்கள்.

நம் ஆள் வளர்ந்த விதம் வேறு. யாராவது எதையாவது நீட்டினால் முதலில் "வேண்டாங்க" என்பான். அடுத்து "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்பான். மூன்றாவது தடவை வற்புறுத்தினால்தான், ஏதோ அவர்களுக்காக என்ற முகத்தோடு வாங்கிக்கொள்வான். முதல் தடவையே கை நீட்டினால் பறக்காவெட்டி என்று பெயர் வந்துவிடாதா? இந்த லட்சணத்தில் வந்து இறங்கியவன், பட்டறையில் முதல் வாரம் முழுக்கக் காப்பி வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே காய்ந்து கிடந்தான். முதலாளியம்மா "சரி" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அவள் மேல் குற்றமில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே நினைத்துக்கொள்கிற பிறவி அது.

காப்பி போனால் போகட்டும். அவனுடையது தற்காலிக வேலை. நிரந்தரமானால்தான் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்ள முடியும். அதற்காகத்தான் மனுஷன் துருப்பிடித்த டிரம்முக்குள் தலையை விட்டு மாடாய் உழைத்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் அவன் தலை உள்ளே இருக்கும்போதே முதலாளியம்மா வந்து கேட்டாள்.

"நிரந்தரமா ஒரு ஆள் எடுக்கப் போறேன். அந்த வேலை உனக்கு வேணுமா?"

மனசு குதித்தது. வாய் மட்டும் பழக்கதோஷத்தில் தன் வேலையைக் காட்டியது.

"ஐயோ, எதுக்குங்க. பரவாயில்லைங்க."

"சரி," என்று அவள் போய்விட்டாள்.

இரண்டாவது தடவைக்காக அவன் காத்திருந்தான். மதியம் அவள் வந்தாள். ஆனால் கேட்கவில்லை. ஒரு தாளைக் கொடுத்து வாசல் கண்ணாடியில் ஒட்டச் சொன்னாள். அந்த ஊர் எழுத்து அவனுக்கு இன்னும் கைவரவில்லை. ஆனாலும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, கோணாமல், நாலு மூலையையும் அழுத்தி ஒட்டினான்.

சாயங்காலம் அறைக்கு வந்ததும் அறைத்தோழன் பிடித்துக்கொண்டான். அவன் பஸ் டிரைவர். தினமும் அந்தப் பட்டறை வாசல் வழியாகத்தான் ஓட்டுகிறான்.

"யோவ், உங்க கடைக்கு ஆள் வேணும்னு விளம்பரம் இருக்கு. உன்னை எடுக்கலையா?"

"எங்க இருக்கு?"

"வாசக் கண்ணாடியிலதான். எவனோ வேலையத்தவன் அளவெடுத்து ஒட்டியிருக்கான்."

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டான். விஷயத்தைக் கேட்ட மனைவி போனிலேயே பொரிந்து தள்ளினாள்.

"வேணும்னு சொன்னா வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும்? என்ன மனுஷங்க நீங்க!"

அப்போதுதான் அவனுக்கே உறைத்தது. அந்த ஊர் மொழியில் நன்றி, மன்னிக்கணும், பரவாயில்லை எல்லாம் மணிமணியாய் வரும். 'வேணும்' என்று பிறர் சொன்னால் புரியும், அவனுக்குச் சொல்ல மட்டும் வராது. அறைத்தோழன் சொல்லிக்கொடுத்தான். பல் தேய்க்கும்போதும் சட்டை மாட்டும்போதும் அதையே முணுமுணுத்தான்.

மறுநாள் பட்டறையில், முதலாளியம்மாவுக்கு எதிரே ஒருவன் படிய வாரிய தலையோடு உட்கார்ந்திருந்தான். வேலை கேட்டு வந்தவன் என்று மெக்கானிக்குக்குப் புரிந்துவிட்டது. கற்றுக்கொண்ட இலக்கணமெல்லாம் பறந்துவிட்டது.

"வேணும்!" என்று கத்தினான்.

"என்ன வேணும்?"

"வேலை. அந்த வேலை. எனக்கு."

"நேத்து வேண்டாம்னு சொன்னியே?"

"அது வேண்டாம் இல்லைங்க. அது... மரியாதை."

முதலாளியம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மரியாதைக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஆனால் வேணும் என்றால் வேணும் என்று எடுத்துக்கொள்ளவும் அவளுக்குத் தெரியும். வந்தவனிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு, கண்ணாடியிலிருந்த தாளைக் கிழித்தாள்.

"இதை நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கலாம்," என்றாள்.

இடைவேளையில் மனைவியைக் கூப்பிட்டான்.

"வேலை நிரந்தரமாயிடுச்சு. ரெண்டு பேரும் கிளம்பி வாங்க."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, அவனை வறுத்தெடுத்த அதே வாயால் அவள் சொன்னாள்.

"இப்ப எதுக்குங்க? உங்களுக்கு வீண் அலைச்சல். பரவாயில்லைங்க, மெதுவா வரோம்."

முறைப்படி அவன் இன்னும் இரண்டு தடவை கெஞ்ச வேண்டும். கெஞ்சத்தான் வாயெடுத்தான். ஆனால் அந்தப் பழைய வார்த்தைகள் வரவில்லை. ஒற்றைக் கட்டிலும் ஒற்றைத் தட்டும் எவ்வளவு நாளாய் அவனைக் கொன்றுகொண்டிருந்தன என்று அந்த நொடியில்தான் தெரிந்தது.

"எனக்கு நீ வேணும்," என்றான்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அப்படிச் சொன்னதே இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தான்.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள்.