நான் பென்சிலைக் கீழே போட்ட நாள்

பிரியமானவங்களே, எழுபத்துநாலாம் வருஷம் ஐப்பசியில என் மக ரோஸிக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு. அஞ்சு வயசு. மூச்சு விட்டா விசில் மாதிரி சத்தம். ஆஸ்பத்திரியில டாக்டர், "தொண்டை அடைப்பான். ஊசி மருந்துக்குத் தஞ்சாவூர் ஆள் அனுப்பியிருக்கோம். அதுவரைக்கும் புள்ள தாங்கணும்"னார்.

அப்ப நான் எப்பேர்ப்பட்டவன்னு சொல்லிடறேன். மெட்ராஸ்ல ஓவியம் படிச்ச திமிர். எங்க ஊர் கோவில்பத்துல குடியிருந்துக்கிட்டு, பூசைக்குப் போறவங்கள இளக்காரமாப் பார்ப்பேன். மாதா சுரூபத்த "பொம்மைக் கடைச் சாமான்"னு சிரிப்பேன். செபமாலை சொல்ற பொண்டாட்டி பிலோமினாவ, "உனக்கென்ன தெரியும்"னு வாயடைப்பேன். எனக்கு என்ன தெரிஞ்சுதாம்? ஐநூறு வருஷத்துக்கு முன்னாடி இத்தாலியில ஒரு மேதை தீட்டின படம், செத்த மகன மடியில ஏந்தின மாதா. அதோட அச்சுப் பிரதிய வச்சுக்கிட்டு ஆறு மாசமா பென்சில்ல வரைஞ்சு பழகினேன். துணி மடிப்பு வந்துது. கை கால் வந்துது. தாயோட முகம் மட்டும் வரல. அழிச்சு அழிச்சுக் காகிதம் தேஞ்சுது. அச்சடிச்சவனத் திட்டினேன்.

ஆஸ்பத்திரி பெஞ்சுல பிலோமினா புள்ளைய மடியில கிடத்தியிருந்தா. புள்ள தல பின்னால தொங்குது. அவ முகத்தப் பார்த்தேன். தேடின முகம் கிடைச்சிடுச்சுன்னு பென்சில எடுக்கக் கை பைக்குள்ள போச்சு. ஆமாங்க. என் புள்ள மூச்சுக்குத் தவிக்கறப்ப நான் ரெண்டு கோடு போட்டேன். இப்படியும் ஒரு பிறவி.

அவ நிமிர்ந்து பார்த்தா. சத்தம் போடல. "அதக் கீழ போடுங்க. உங்க புள்ளைக்காக வாயத் தொறந்து ஒரு வார்த்த கேளுங்க."

போட்டேன். முட்டி போட்டேன். செபம் ஒண்ணும் வாயில வரல. கேலி பண்ணிப் பண்ணியே மறந்திருந்தேன். "ஆண்டவரே, நான் எதுக்கும் லாயக்கில்லாதவன். புள்ளையக் குடுத்துடுங்க." இதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதேன்.

ஆத்துல வெள்ளம், பஸ் ஓடலன்னாங்க. சாயங்காலம் நாலு மணிக்கு, மருந்துக்குப் போனவர் ஒரு நெல்லு லாரியில தொத்திக்கிட்டு, நனைஞ்சு வந்து நின்னார். ஊசி போட்டாங்க. மூணாம் நாள் ரோஸி கஞ்சி கேட்டா.

"மருந்துதானே காப்பாத்துச்சு?"ன்னு சில பேர் கேக்கறாங்க. படிச்ச கேள்வி. நானும் கேட்டிருப்பேன். பஸ் நின்ன ரோட்டுல அந்த லாரிய அனுப்பினது யாருன்னு அவங்களே சொல்லட்டும்.

அந்த ரெண்டு கோட்டையும் பார்க்கவே அருவருப்பா இருந்துது. அடுப்புல போட்டேன். ரோஸி இப்ப காலேஜ் போறா. எங்க தெருக்காரங்க கூடி செபம் பண்ற அன்பியத்துல செபமாலைய நான்தான் முன்ன நின்னு சொல்றேன். நடுவுல தப்பு விட்டா பிலோமினா திருத்தறா.

என்னை மாதிரி அறிவாளி யாராவது பின்னால கையக் கட்டிக்கிட்டு நின்னா, உங்களுக்குத்தான் சொல்றேன். அழகாக் கேக்கணும்னு இல்ல. முட்டி போட்டுக் கேளுங்க. என்னைப்போல ஒருத்தனுக்கே காது குடுத்தாரே, உங்களுக்குக் குடுக்க மாட்டாரா?