சேரின் பேஜோவும் அதிகாரியின் வொக்ஸ்வாகனும்

புதுக்கடையில் நீதிமன்ற மதிலோரம் ஒரு சாம்பல் நிற பேஜோ 203 கார் நிற்கும். அது எங்கள் சேருடையது. சேர் வழக்கறிஞர், நான் அவருடைய தட்டச்சாளர். பிள்ளைகள் இல்லாத மனிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் காரைத் தன் கையாலேயே கழுவித் துடைப்பார், வேறு எவரையும் தொட விடமாட்டார்.

யுத்த காலம். வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த அறைக்கு ஒரு விடியற்காலைச் சுற்றிவளைப்பில் வந்தவர்கள் என் தம்பியைக் கொண்டுபோனார்கள். அவன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதினொரு நாள்தான், பொலிஸ் பதிவில் பெயர் இன்னும் ஏறவில்லை. அது போதுமாயிருந்தது. செய்தி கேட்டதும் சேர் கறுப்புக் கோட்டுடனேயே என்னை ஏற்றிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனார்.

பொறுப்பதிகாரி எங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. யன்னல் வழியே பேஜோவைக் கண்ட பிறகே எழுந்து வந்தார். அவரிடம் ஒரு பழைய வொக்ஸ்வாகன் இருந்ததாம். இருவரும் முற்றத்தில் நின்று சிங்களத்தில் கார்க்கதை கதைத்தார்கள். வொக்ஸ்வாகனுக்குத் தண்ணீரே தேவையில்லை, பின்னாலிருக்கும் எஞ்சினைக் காற்றே குளிர்த்திவிடும் என்றார் அவர். என் காரில் குடும்பமே சாய்ந்து இருந்து போகலாம், குழியில் இறங்கினாலும் கையிலுள்ள தேத்தண்ணி சிந்தாது என்றார் சேர். அதிகாரி ஏதோ பகிடி சொல்ல, சேர் உரத்துச் சிரித்தார். வாசலோர வாங்குப் பலகையில் இருந்த எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

திரும்பும்போது கேட்டேன்: "தம்பியைப் பற்றி ஒண்டுமே கேக்கேல்லையே, சேர்?"

"இண்டைக்குக் கேட்டா இல்லையெண்டுவான், பிள்ளை. ஒருக்காச் சொன்னா பிறகு மாத்தமாட்டான்."

நான் நம்பவில்லை. மூன்றாம் நாள் தம்பி நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். அடுத்த திங்கள் சேர் பஸ்ஸில் வந்தார். "பெற்றோல் கட்டுப்படியாகேல்லை, காரைக் குடுத்திட்டன்" என்றார். சில மாதங்களின் பின் பம்பலப்பிட்டிச் சந்தியில் அந்தப் பேஜோவைக் கண்டேன். ஓட்டிவந்தவர் அந்த அதிகாரி. பின் சீற்றில் அவருடைய பிள்ளைகள். சேரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்க வெட்கமாயிருந்தது. கடைசிவரை அவர் ஃபைல் கட்டை நெஞ்சோடு அணைத்தபடி பஸ்ஸில் நின்றுகொண்டுதான் வந்தார்.

போன வருடம் சேர் இறந்தபோது கனடாவிலிருக்கும் தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"ஆர், அந்தச் சிரிச்ச மனுசனோ?" என்றான். "உள்ளுக்க என்னை அடிச்சுக்கொண்டிருக்கேக்க அந்தாளின்ர சிரிப்புக் கேட்டது. இண்டைக்கும் கேக்குது."

அப்போதுதான் முதன்முறையாகக் காரைப் பற்றி அவனுக்குச் சொன்னேன்.

"ஒரு பழைய கார்தானே, அக்கா."

மறுநாள் கொட்டாஞ்சேனையிலிருந்த சேரின் வீட்டுக்குத் தனியே போனேன். அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கட தம்பியை அடிக்கடி விசாரிப்பார். இவர் போனதைத் தம்பிக்குச் சொன்னீங்களோ, பிள்ளை? என்ன சொன்னவர்?"

"அழுதவன், அன்ரி" என்றேன்.