நனையாத மணல்

பூனையைக் கொண்டுவந்தது என் கணவர். துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்தவர், ஒருநாள் மேலப்பாளையம் சந்தையிலிருந்து திரும்பும்போது சட்டைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டே நாளில் அவர் விமானம் ஏறிவிட்டார். மாடி வீட்டில் நானும் மாமாவும் பூனையும் மிஞ்சினோம்.

மாமா, என் கணவரின் வாப்பா. மாமி இறந்தபிறகு பேச்சை மிகவும் குறைத்துக்கொண்டவர். என்னை ஒருநாளும் கடிந்ததில்லை. ஆனாலும் படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே என் கை தானாக முக்காட்டைச் சரிசெய்யும். பூனையைப் பார்த்ததும் அவர் சொன்னது ஒன்றுதான்:

"வளக்கது ஒங்க இஷ்டம். ஆனா நான் தொழுகுற எடத்துல ஒரு சொட்டு விழுந்துது, அன்னைக்கே கொண்டு விட்டுரணும்."

அவர் தொழுவது கூடத்து மூலையில் விரித்திருக்கும் பத்தமடைப் பாயில். மாமி வாங்கியது அது.

அன்றே பழைய பிளாஸ்டிக் பேசின் ஒன்றில் சலித்த மணலை நிரப்பிக் குளியலறையில் வைத்தேன். குட்டி சாப்பிட்டு முடித்ததும் தூக்கிக்கொண்டு ஓடி, அதில் இறக்கி, முன்காலைப் பிடித்து மணலைப் பிறாண்டிக் காட்டுவேன். நான்கு நாள் கட்டிலுக்கு அடியில்தான் போனான். துடைத்த துணியை வாசனைக்காக மணலில் புதைத்து வைத்தேன். ஐந்தாம் நாள் தானாகவே போய்க் குழி பறித்து, சுவரைப் பார்த்தபடி பெரிய மனுஷன்போல உட்கார்ந்தான். கணவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். மாமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த நான்கு நாள் கதையும் தெரிந்துவிடும்.

ஒன்றரை வருடம் ஒரு தவறும் நேரவில்லை.

போன கோடையில், மாமா மதியம் லுஹர் தொழப் பள்ளிவாசல் போயிருந்த நேரம், அவன் அந்தப் பாயின் நடுவில் குந்தியிருப்பதைப் பார்த்தேன். கத்தினேன். ஓடிவிட்டான். பாயில் நாலைந்து சொட்டுகள். சோப்புப் போட்டு மூன்று முறை கழுவி, மொட்டைமாடி வெயிலில் காயவைத்து, அவர் சாயங்காலம் அஸர் தொழுவதற்குள் விரித்துவிட்டேன்.

"பாய் ஈரமா இருக்கே?" என்றார்.

"தூசியா இருந்துது மாமா. கழுவினேன்."

அவர் நெற்றி பாயில் படுவதை அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் அரிசி வாளிக்குப் பக்கத்தில் இரண்டு சொட்டு. பழகியதை மறந்துவிட்டான் என்றே நினைத்தேன். மீண்டும் பாய்க்குப் போனால் அவன் இந்த வீட்டில் இல்லை. சின்ன இடத்தில் மணலோடு அடைத்துவைத்தால் திரும்பப் பழகும் என்று போனில் படித்திருந்தேன். சாயங்காலம் குளியலறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். உள்ளிருந்து அழுதான். "மணல்ல போ, தொறக்கேன்" என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னேன்.

காலையில் திறந்தபோது, நான் தட்டிச் சமன் செய்த மணல் நனையவே இல்லை. அவன் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தான். முதுகு வளைந்து, வால் நடுங்க முக்கிக்கொண்டிருந்தான். ஒன்றும் வரவில்லை. பேசின் விளிம்பில் ஒரே ஒரு இளஞ்சிவப்புப் பொட்டு. வயிற்றைத் தொட்டேன், கல்லாக இருந்தது. என்னைக் கடித்தான். அதுவரை கடித்ததே இல்லை.

கணவர் வேலையில் இருந்தார், போனை எடுக்கவில்லை. வேறு யாரும் இல்லை. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமாவின் முன்னால் போய் நின்றேன்.

"மாமா, பூனை ஒண்ணுக்குப் போவல."

"எப்பருந்து?"

"முந்தாநேத்தே சரியில்ல போல. ஒங்க பாய்ல... சொட்டுச் சொட்டா... நாந்தான் கழுவிட்டு மறைச்சிட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அத அப்புறம் பேசுவோம். துண்டு எடு. பையப் பைய சுத்து, வயித்த அமுக்கிராத."

ஆட்டோ ஆற்றுப்பாலத்தில் நெரிசலில் நின்றுவிட்டது. அதுவரை என் மடியில் அழுதுகொண்டே வந்தவன் சட்டென்று அடங்கினான். மாமா அவன் மூக்கருகே விரலை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார்.

"மூச்சு இருக்கு," என்றார். பிறகு ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "ஒன் மாமிக்கும் கடைசியில நீர் பிரியாமத்தான் போச்சு. வலின்னு அவ வாயத் தொறக்கல. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு நான் கவனிக்கல."

கால்நடை மருத்துவமனையில் அந்தப் பெண் மருத்துவர் வயிற்றை ஒருமுறை தடவியதுமே உள்ளே தூக்கிச் சென்றார்.

"ஆண் பூனைக்கு வாரதுதான். மணல் மாதிரி பொடிக்கல் பாதைய அடைச்சிருக்கு. இன்னைக்கு விட்டிருந்தா பொழைக்காது."

"சொல்லிக்குடுத்த எடத்துல போவமாட்டேங்கான்னு நெனச்சு அடைச்சு வச்சிட்டேன் டாக்டர்."

"அதால போவ முடியல. எங்கன போனா வலிக்காதுன்னு எடம் தேடி அலைஞ்சிருக்கு."

மயக்க ஊசி போட்டுக் குழாய் செருகினார்கள். ரத்தம் கலந்த நீர் தட்டு நிறைய வந்தது. சிறுநீரகம் தாங்குமா என்பதை இரண்டு நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள். அவன் மருத்துவமனையில் இருந்த அந்த இரண்டு நாளும், அன்று அவன் அழுத சத்தம் குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். அன்று மாமா கேட்டார்:

"கழுவுனா பாய் சுத்தம்தான். எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"பயமா இருந்துது மாமா."

"என்னப் பாத்தா?"

நான் துண்டை மடித்து வைத்தேன். அவர் எழுந்து போய்ப் பேசினில் புது மணல் கொட்டினார்.

இந்த அடைப்பு திரும்ப வரலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். சாப்பாட்டை மாற்றியாகிவிட்டது, வீட்டில் மூன்று இடத்தில் தண்ணீர் வைத்திருக்கிறோம். ஆனாலும் அவன் குளியலறைப் பக்கம் நடந்தால், அடுப்பில் எது இருந்தாலும் இறக்கிவைத்துவிட்டுப் போய்க் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன்.

போன மாதம் பத்தமடையில் என் உம்மா வீட்டில் இரண்டு நாள் தங்கவேண்டியிருந்தது. மறுநாள் காலையிலேயே மாமாவிடமிருந்து போன். சலாம் சொல்லிவிட்டு, "போயிட்டான்" என்றார்.

நான் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் மாமா இரண்டு முறை என்னைக் கூப்பிட்டார். பிறகு அவருக்கே உறைத்திருக்க வேண்டும்.

"ஒண்ணுக்குத்தாம்மா," என்றார் அவசரமாக. "ஒண்ணுக்குப் போயிட்டான்."