ஈயம் ஏறாத கால்கள்

இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. குழித்துறையிலிருந்து களியக்காவிளை போகும் வழியில், இன்வெர்ட்டருக்கு சர்க்யூட் போர்டு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். லென்ஸை வைத்துக் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். குறை யாருடையது என்று சொல்ல முதலாளி இருந்தார்.

போர்டில் கனெக்டர்களைக் கையால் சால்டரிங் செய்தது ஓர் அக்கா. மகளை நர்சிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். அந்த நாற்காலி போனால் மகளின் படிப்பும் போகும். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும்.

நல்ல வேலை என்றால், உருகிய ஈயம் கனெக்டரின் கம்பிக் காலைச் சுற்றிச் சரிவாக ஏறி, ஓரம் மெலிந்து போர்டோடு ஒட்டி நிற்கும். அந்தச் சரிவைத்தான் ஃபில்லெட் என்போம். ஒரு மழைக்காலத்தில் அது திடீரென்று கெட்டுப்போனது. ஈயம் காலில் ஏறவே மாட்டேன் என்றது. சேம்பிலையில் தண்ணீர் மாதிரி உருண்டு உருண்டு நின்றது. வாங்குகிற கம்பெனி பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பியது.

முதலாளி லென்ஸில் கண்ணைக்கூட வைக்கவில்லை. "இது தேங்கெண்ணெய் கை, கேட்டியா. தலையில கோரி வச்சிட்டு வந்து போர்டைத் தொட்டா ஈயம் எங்கன பிடிக்கும்?" என்று சொல்லி, எல்லாரும் பார்க்க அக்காவின் கையை அக்காவையே மோந்து பார்க்கச் சொன்னார். சேச்சே, மனுஷன் செய்கிற காரியமா! இந்த ஊரில் எண்ணெய் வைக்காத தலை யாருக்கு இருக்கிறது? அவர் நெற்றியில் வழிந்தது என்ன, பன்னீரா?

மறுநாள் அக்கா எண்ணெய் வைக்காத பறட்டைத் தலையோடு வந்து, கையுறை போட்டு உட்கார்ந்தார். ஈயம் அப்படியேதான் உருண்டது. "இந்த மாசம் வரைக்கும் பாப்பேன், பெறவு வேற ஆளப் போடுவேன்" என்று முதலாளி சொல்லிவிட்டுப் போனார்.

"எனக்க கை இல்ல பிள்ளே, நீயாவது நம்பு" என்றார் அக்கா.

"நம்பி என்னத்துக்கு எக்கா, கண்டுபிடிக்கணும்" என்றேன்.

சூட்டைக் கூட்டிப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன். ஈயம் உருக்கும் அயர்னின் முனையை மாற்றினேன். புது ஈயச் சுருள், ஈயம் பிடிக்கத் தடவும் ஃப்ளக்ஸும் புதுசு. ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அன்று கூரியரில் வந்த கனெக்டர் பாக்கெட்டைப் பிரித்து அக்காவிடம் கொடுத்தேன். ஈயம் வழுக்கிக்கொண்டு ஏறியது! அதே கை, அதே சூடு, அதே போர்டு. அப்படியானால் கோளாறு, ஸ்டோர் ரூமில் பிரித்து வைத்திருந்த பழைய கனெக்டரில்தான். போய்க் கதவைத் திறந்தேன். புகை வாடை முகத்தில் அடித்தது.

முதலாளிக்கு மலையோரத்தில் ரப்பர் தோட்டம் உண்டு. விலை ஏறட்டும் என்று, புகை போட்ட ரப்பர் ஷீட்டையெல்லாம் எங்கள் ஸ்டோர் ரூமில் கொண்டுவந்து அடுக்கியிருந்தார். ரப்பர் பால் உறைய விட்ட ஆசிட்டின் நெடியும் புகையும் மழை ஈரத்தில் அடைந்து கிடந்து, கனெக்டர் கால்களில் மங்கலாகப் படிந்துவிட்டது. அதன்மேல் எந்தக் கை வைத்தாலும் ஈயம் ஏறாது. எங்கள் பக்கத்தில் ரப்பர் ஷீட் கட்டிலுக்கு அடியில்கூடக் கிடக்கும், அதனால் ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை.

முதலாளியிடம் சொன்னேன். "ஓ" என்றார், அவ்வளவுதான். சாயங்காலமே ஷீட் வண்டி ஏறியது. புது கனெக்டர் வந்தது, போர்டுகள் சரியாயின. அக்காவிடம் ஒரு வார்த்தை? மூச்சு விடவில்லை. அதைவிடக் கொடுமை, வாங்குகிற கம்பெனிக்கு அவர் ஃபோனில் சொன்னதை என் காதாலேயே கேட்டேன்: "பழைய ஆள மாத்தியாச்சு சார். புதுசா நல்ல கைக்காரி ஒருத்தி வந்திருக்கா."

அங்கிருந்து இன்ஜினியர் பார்க்க வருகிறார் என்றதும் அக்காவைக் கூப்பிட்டு, "நாளைக்கு நீ வராண்டாம், வீட்டுல இரி. அவரு கேட்டா பழைய ஆளுன்னு உளறிருவ" என்றார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவருக்க பொய்க்கு நீங்க என்னத்துக்கு ஒளியணும்? இன்னைக்கு ஒளிஞ்சா, ஒருநாள் நெசமாவே வேற ஆளக் கொண்டாந்து இருத்துவாரு. நாளைக்கு வாங்க எக்கா."

வந்தார். முதலாளியின் முகம் கறுத்துப்போனது. ஆனால் இன்ஜினியர் அதற்குள் உள்ளே வந்துவிட்டிருந்தார். இன்ஜினியர் நேராக அக்காவின் மேஜைக்குப் போய், ஒரு போர்டை எடுத்து லென்ஸில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அருமையா இருக்கும்மா. நீங்கதானா அந்தப் புது ஆள்?"

முதலாளி என்னை முறைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள், அக்கா அயர்னை ஸ்டாண்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இல்ல சார். நீங்க திருப்பி அனுப்பினியளே, அதும் நான் செஞ்சதுதான்."