கன்றுக்குப் போன குளிசைகள்

டொக்டர் சிவபாதம் போய்விட்டார் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது, நான் ஹேவாஹெட்டயில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்துக்குப் பின்னால் ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தேன். "அப்பா காலமை போயிட்டார், அண்ணை. நித்திரையிலதான்" என்றாள். மீதி ஆடுகளுக்கும் போட்டு முடித்துவிட்டுத்தான் கண்டிக்கு பஸ் ஏறினேன். பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்தேன் என்று தெரிந்தால், பெட்டிக்குள் கிடந்தபடியே திட்டியிருப்பார்.

செத்த வீட்டில் எல்லோரும் "தங்கமான மனுசன்" என்றார்கள். இதை வாசிக்கிற, அவரோடு வேலை செய்த உங்களுக்குத் தெரியும், தங்கமெல்லாம் இல்லை. முன்கோபி. மலைநாட்டுக் குளிரையும் மழையையும் ஓயாமல் வைதுகொண்டே தன் உத்தியோக காலம் முழுவதையும் இங்கேயே கழித்த யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க மிருக வைத்தியர். நான் அவருக்குக் கீழே கால்நடை உத்தியோகத்தனாக இருந்தேன். லயத்தில் பிறந்தவன் என்பதால், தோட்டங்களுக்குப் போகும்போதெல்லாம் என்னையே ஜீப்பில் ஏற்றிக்கொள்வார்.

ஒருமுறை அலவத்துகொடையில் ஒரு ஹாஜியாரின் மாட்டுப்பட்டிக்குப் போனோம். கன்றுகள் நன்றாகப் பால் குடித்தும், பின்னங்கால் விறைத்து எழும்ப முடியாமல் கிடந்தன. கழுத்தில் தாயத்து கட்டியிருந்தது. டொக்டர் தொடையைத் தடவிப் பார்த்துவிட்டு, செலேனியமும் விற்றமின் ஈயும் கலந்த ஊசியைப் போட்டார். இரும்பில் துரு ஏறுவதுபோல உடம்புக்குள்ளும் ஓயாமல் ஒரு துரு ஏறுகிறது, அதைத் தடுக்கும் சத்து இந்த மண்ணில் முளைக்கும் புல்லில் போதவில்லை, அதனால் தசை வெந்து வெளுத்துப் போகிறது என்று விளக்கினார். சில நாட்களில் ஒரு கன்று எழுந்து நின்றது. ஹாஜியாருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "டொக்டர், மத்தக் கண்டுகளுக்கு ரெண்டு மடங்காப் போட்டு உடுங்க. நல்ல மருந்துதானே" என்றார். டொக்டர் மருந்துப் பெட்டியைப் பட்டென்று மூடினார். "கொஞ்சம் குறைஞ்சா கண்டு விழும். கொஞ்சம் கூடினா கண்டு சாகும். இடையில இருக்கிற நூலளவிலதான் நாங்கள் எல்லாரும் நிக்கிறம், ஹாஜியார்."

இனி என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இவரைப் பற்றி எழுத எனக்கு வராது.

அக்கா செல்வமணி ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தாள். வீட்டில் ஒரு மாடு, பிறந்து சில வாரமான ஒரு கிடாரிக் கன்று. பாலை விற்றுவிட்டு மிச்சத்தைத்தான் கன்றுக்கு விடுவார்கள். கன்று வெளுத்துச் சோர்ந்து கிடக்கிறது என்று அக்கா சொல்லியனுப்ப, டொக்டரை நான்தான் கூட்டிப் போனேன். அக்காவுக்கு அப்போது நிறைமாதம்.

அவர் கன்றின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். பிறகு சாணியைப் பார்த்தார். கரியைப் போலக் கறுத்திருந்தது. குடலில் இரத்தம் போகிறதோ என்று ஒரு துளியைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தார். சிவப்பு இல்லை. அப்படியென்றால் வாயால் உள்ளே போன இரும்புச்சத்துதான் கறுக்க வைத்திருக்க வேண்டும்.

"பிள்ளை, கண்டுக்கு என்ன குடுத்தனீர்?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். "கிளினிக்ல குடுத்த ரத்தக் குளிசைங்க ஐயா. கருப்பட்டியில வச்சுக் குடுத்தேன். நான் போட்டா மலையில வாந்தியா வருது. கொழுந்து கொறைஞ்சா அரைப்பேருன்னு அரைநாள் சம்பளந்தானே போடுறாங்க. கண்டாச்சும் பொழைக்கட்டும்னுதான்."

"அது உமக்கெல்லோ தந்தது. நீர் போடும். கண்டுக்கு நான் ஊசி போடுறன்."

"சரிங்க ஐயா."

கன்றுக்கு இரும்புச்சத்து ஊசி போட்டார். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தார். திரும்பி வரும்போது ஜீப்பில் மழையைக்கூட வையவில்லை.

அடுத்த கிளினிக் நாளுக்கு முன்பே அக்காவுக்கு வலி கண்டது. தோட்டத்து லொறியில் ஏற்றிக் கண்டிக்குக் கொண்டு போனார்கள். பிள்ளை வழியிலேயே பிறந்து, அழாமலே போய்விட்டது. அக்காவுக்கு இரத்தம் நிற்கவில்லை. வேறு ஒருத்தி என்றால் தாங்கியிருப்பாள், இவள் உடம்பில் போவதற்கே இரத்தம் இருக்கவில்லை என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். கன்று பிழைத்துக்கொண்டது.

அடக்கத்துக்கு டொக்டர் வந்திருந்தார். தோட்டத்துப் பெரிய உத்தியோகத்தர் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி, "இந்தச் சனத்துக்கு எவ்வளவு சொன்னாலும் கவனமில்லை. குளிசையைக் கொண்டுபோய் மாட்டுக்குக் குடுக்குதுகள்" என்றார். டொக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "கவனமில்லையோ? அந்த வீட்டில நாளைக்கு ஆர் பால் தரும் எண்டு பாத்துக் குடுத்திருக்கிறா. அவவுக்கு மிஞ்சிற மாதிரி நீங்கள் என்ன வைச்சனீங்கள்?" அந்த ஆள் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று என்னிடம் சொன்னார். "தம்பி, அவவின்ர உதடு வெளுத்திருந்தது. நகமும் அப்பிடித்தான். நான் அண்டைக்கே கண்டனான். கண்டுக்குட்டியின்ர இமையை இழுத்துப் பாத்த கையால அவவின்ர இமையையும் பாத்திருந்தா, அந்த ஜீப்பிலயே ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு போயிருக்கலாம். மாட்டு வைத்தியன் எனக்கேன் மனுசரின்ர வேலை எண்டு வந்திட்டன்." எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அதற்குப் பிறகு அவர் மாறிப்போனதை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். மாட்டைப் பார்க்கப் போகிற வீட்டில் முதலில் பெண்களைத்தான் கூப்பிடுவார். குளிசை எங்கே, எதனோடு விழுங்குகிறீர்கள் என்று கேட்பார். எந்த லயத்தில் கேட்டாலும் ஒரே பதில்தான்: பிளேன்டீ, பால் விடாத தேத்தண்ணி. அவர் தலையில் கை வைத்துக்கொள்வார். உடம்பில் துரு ஏறாமல் காக்கும் என்று தேயிலைப் பெட்டியில் பெருமையாக எழுதி விற்கிற அதே துவர்ப்புத்தான், பறிக்கிறவளின் வயிற்றில் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு இரத்தத்தில் சேரவிடாமல் செய்கிறது. "குளிசையைத் தண்ணியோட போடுங்கோ. தேசிக்காய் பிழிஞ்சா இன்னும் நல்லது. தேத்தண்ணி ஒரு மணித்தியாலம் கழிச்சு" என்று ஹந்தானை லயங்களில் தொண்டை கட்டக் கட்டச் சொன்னார்.

ஒரு பெண்ணின் புருசன், மாட்டு டொக்டர் என் பெண்சாதியின் கண்ணைத் தொட்டுப் பார்க்கிறார் என்று முறைப்பாடு செய்தான். உங்கள் வேலை மாட்டோடு நிற்கட்டும் என்று மேலிடத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. தொடுவதை மட்டும் விட்டார். பெண்கள் தாங்களே இமையை இழுத்துக் காட்டப் பழகிவிட்டார்கள். "அடியே, மாட்டு டாக்டரு வந்துட்டாரு, கண்ணக் காட்டுங்கடி" என்று சிரித்துக்கொண்டே வரிசையில் நிற்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். வெளுத்திருந்தால் அப்போதே ஜீப்பில் ஏற்றுவார். எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எல்லோரும் பிழைக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

அவர் படுக்கையில் விழுந்த பிறகு, கண்டியில் அவருடைய வீட்டுக்குக் கடைசியாகப் போயிருந்தேன். சோறு இறங்கவில்லை. மகள் கரண்டியால் கஞ்சி ஊட்டிவிட்டு உள்ளே போனதும் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உமக்கு என்னில கோவம் இருக்கோ?"

எங்களுக்குள் அந்தப் பேச்சு வந்ததே இல்லை. சாகக் கிடக்கிற மனிதரிடம் இல்லை என்று சொல்வதுதான் முறை. ஆனால் அவரிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"இருக்குங்க ஐயா. இன்னும் இருக்கு."

அவர் கண்ணை மூடித் தலையாட்டினார். வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

"இருக்கட்டும். எனக்கும் என்னில இருந்தது. அதாலதான் அத்தனை வீட்டுக்குள்ள போனனான். நான் போனாப் பிறகு விட்டிடாதையும்."

அவருடைய புத்தகங்களை மகள் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கப் போகிறாள். மருந்துப் பெட்டியை யாரோ கேட்டிருக்கிறார்கள். எனக்கு அவர் விட்டுப் போனது இந்தக் கோபம் ஒன்றுதான். நாளைக்கு ஹந்தானை லயங்களுக்குப் போகிறேன்.