ஷமீமா உள்ளே விட்ட குரல்

ஷமீமா காலமான செய்தி அன்று காலையிலேயே என் கைப்பேசிக்கு வந்துவிட்டது. ஆனால் கைப்பேசி வாசலில் உள்ள பெட்டியில் கிடந்தது. வேலை அறைக்குள் அதைக் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் புதூர்நாடு அலுவலகத்தின் விதி. அதைக் கறாராகக் காத்தவரும் அவர்தான். சாப்பாட்டு நேரத்தில் செய்தியைப் பார்த்துவிட்டு, கிடைத்த ஜீப்பில் மலையிறங்கி, பஸ் மாறி வாணியம்பாடியில் அவர் வீட்டுக்குப் போனேன். அடக்கம் முடிந்திருந்தது. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

கூட வேலை பார்த்தவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மென்பொருளை நாங்கள் பராமரிக்கிறோம். உள்ளே இணையம் கிடையாது. பென் டிரைவைச் செருகினால் கணினி ஏற்காது. இருக்கும் மென்பொருளோடு ஒரு சின்ன நீட்சியைச் சேர்க்க வேண்டுமென்றாலும், பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த ஷமீமா அதை வெளியே ஒரு கணினியில் இறக்கி, வைரஸ் சோதித்து, தலைமை அலுவலகத்தின் ஒப்புதல் வாங்கி, சிடியில் பதிந்துதான் கொண்டுவருவார். நான் அவருக்குச் செக்போஸ்ட் என்று பெயர் வைத்திருந்தேன். அது அவருக்கும் தெரியும். "செக்போஸ்ட் இல்லன்னா காட்ல மரம் இருக்குமா, முருகேசன்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டுப் போனார்.

போன வருடம் எல்லாக் கணினிகளிலும் இருந்ததைத் துடைத்தெடுத்துப் புதிதாக அமைத்தார்கள். மறுநாள் குமுதாவின் கணினி தமிழில் பேசவில்லை. குமுதாவுக்குப் பார்வை கிடையாது. வாடிக்கையாளர்களுக்குப் போகும் தமிழ்க் கடிதங்களைக் காதால் கேட்டுச் சரிபார்ப்பதுதான் அவர் வேலை. திரையைப் படித்துக் காட்டும் மென்பொருள் இருந்தது. அதற்குத் தமிழ்க் குரல் தரும் நீட்சி போய்விட்டது. சரியாகும்வரை அவர் வீட்டில் இருக்கட்டும் என்றார் மேலாளர். ரொம்ப நாள் இழுத்தால் வேறு ஆளைப் பார்க்க வேண்டிவரும் என்றும் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைத்தார்.

ஒரு பத்து நிமிடம் பென் டிரைவுக்கு வழி திறந்துவிடுங்கள் என்று ஷமீமாவிடம் கேட்டேன். முடியாது என்றார். மனசாட்சி இருக்கிறதா என்று கத்தினேன். வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த குமுதாதான் என்னைத் தடுத்தார்.

"அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்கண்ணா. திருட்டுத்தனமா ஏத்தனா, அடுத்த தபா தொடைக்கும்போது மறுபடியும் போய்டும்."

ஒப்புதல் வந்தது, சிடியும் வந்தது. நீட்சி மட்டும் ஏறவில்லை. வெளியே இருக்கும் கணினி இணையத்தில் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டே போகும். உள்ளே இருப்பவை பழைய பதிப்பிலேயே நிற்கும். ஷமீமா வெளியே உள்ள புதிய பதிப்புக்கு ஏற்ற நீட்சியை இறக்கிவிட்டார். எங்களைப் போலக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்ப்பவர்களுக்கு மட்டுமே வாய்க்கும் தவறு அது. மேலாளரிடம் நேராகப் போனார். நானும் அங்கே இருந்தேன்.

"தப்பு என்னுது சார். குமுதா வூட்ல இருக்கறது என்னாலதான். அவங்க வேலைய வேற யாருக்கும் குடுக்காதீங்க."

பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார். இந்தமுறை பழைய பதிப்புக்கான நீட்சியைத் தேடிப் பிடித்து, சோதனைக் கணினியில் ஏற்றிப் பார்த்துவிட்டு, குமுதாவைக் கூப்பிட்டனுப்பினார். ஹெட்போனை மாட்டியதும் குமுதா முதலில் கேட்டது, குரலின் வேகத்தை இன்னும் கூட்ட முடியுமா என்றுதான். ஷமீமா சிரித்து நான் பார்த்த மிகச் சில தருணங்களில் அது ஒன்று.

இரண்டாம் முறை அவர் ஒப்புதல் கேட்டது குமுதாவின் கணினிக்கு மட்டுமல்ல, அறையில் இருக்கும் அத்தனை கணினிகளுக்கும். தேவையற்ற எதையும் கணினியில் வைக்கவிடாதவர், எனக்கும் சேர்த்து இதை ஏன் ஏற்றினார் என்று அவரிடமே கேட்டேன்.

"இன்னா முருகேசன், குமுதா ஒரே நாற்காலியிலதான் ஒக்காரணுமா?"

ஷமீமா காலமான பிறகு, போன வாரம் குமுதாவின் கணினி பழுதாகிவிட்டது. அன்று எனக்கு வெளியே கூட்டம். திரும்பி வந்தபோது குமுதா என் இடத்தில் உட்கார்ந்து, ஹெட்போனுடன் கடிதங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. நான் காலியாக இருந்த வேறொரு நாற்காலிக்குப் போனேன்.

ஷமீமாவின் நினைவாக என்னிடம் இருப்பது, எனக்குத் தேவைப்படாத அந்தத் தமிழ்க் குரல். அதை என் கணினியிலிருந்து எடுக்க விடமாட்டேன்.